ரேங்க் பட்டியலை மூடி வைங்க: குவான்ட் மேல்படிப்பு பற்றி ஒரு கருத்து

எக்ஸ்பைரி நாள் மதியம் எங்கள் ஹாஸ்டல் மூன்றாவது மாடி ரொம்ப அமைதியாக இருக்கும். மூன்றரை மணிக்கு யாராவது ஒருத்தன் போனைக் கட்டில் மேல் வீசிவிட்டு, "மச்சி, மெஸ் பில் போச்சுடா" என்பான். இது எங்க மாடிக் கதை மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடங்களில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது. 2023-24-ல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சம்பாதித்த லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்காரிதம் வழியாக வந்தது.

முதல் தகவலைப் படித்துத் திருந்தியவர்களை நான் பார்த்ததில்லை. ரெண்டாவது தகவலைப் படித்துவிட்டு, "அப்போ நாம அந்தப் பக்கம் போயிடலாமே" என்று கிளம்பியவர்கள் எங்க பேட்ச்சிலேயே ஆறு பேர். அதில் நானும் ஒருத்தன். குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ், ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங், மேத்தமேட்டிகல் ஃபைனான்ஸ், கம்ப்யூடேஷனல் ஃபைனான்ஸ் என்று ஒரே படிப்புக்கு நாலு பெயர். ஆறு பேரும் சேர்ந்து ஒரு கூகுள் ஷீட் ஆரம்பித்தோம். முதல் காலம் பல்கலைக்கழகத்தின் பெயர், ரெண்டாவது காலம் ரேங்க். போன வருஷம் முழுக்க அந்த ஷீட்டோடுதான் வாழ்ந்தோம். இன்று திரும்பிப் பார்த்தால், அதில் உருப்படாத காலம் அந்த ரெண்டாவது காலம்தான்.

ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு, படிப்பு வேறு. கொலம்பியா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அங்கே இன்ஜினியரிங் பள்ளியில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் இருக்கிறது. கணிதத் துறையில் மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் ஃபைனான்ஸ் இருக்கிறது. பிசினஸ் ஸ்கூலில் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மன்ஹாட்டனில் இருக்கும் கூரான்ட் கணித நிறுவனம் ஒரு படிப்பு நடத்துகிறது, புரூக்ளினில் இருக்கும் டான்டன் இன்ஜினியரிங் பள்ளி இன்னொன்று நடத்துகிறது. பட்டத்தில் அச்சடிக்கும் முத்திரை ஒன்றுதான். ஆனால் உள்ளே நுழைகிற கதவு, சொல்லித்தருகிற ஆள், கூடப் படிக்கிறவர்களின் எண்ணிக்கை எல்லாமே வேறு. ஊரில் சித்தப்பாவிடம் சொல்ல முத்திரை போதும். இன்டர்வியூ எடுக்கிறவருக்கு எந்தக் கதவு வழியாக வந்தாய் என்று நன்றாகவே தெரியும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பரூக் காலேஜ். எங்க ஷீட்டில் அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது நாங்கள் அதை நம்பவே இல்லை. "இது என்னடா, பேரே கேள்விப்பட்டதில்ல" என்று ஒருத்தன் அழித்தே விட்டான். நியூயார்க் நகர அரசுப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்புக் கல்லூரி அது. மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவில் இருக்கிறது. சின்ன வகுப்பு, தனியார் பல்கலைகளை விடக் கணிசமாகக் குறைந்த கட்டணம், பாடம் எடுப்பவர்களில் பலர் பகலில் வங்கியிலும் ஃபண்டிலும் வேலை பார்ப்பவர்கள். உலகப் பல்கலைக்கழக ரேங்கில் அந்தக் கல்லூரியைத் தேடினால் கீழே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் துறைக்குள் இருப்பவர்களிடம் கேட்டால் முதல் வரிசையில் வைக்கிறார்கள். இந்த ஒரு கல்லூரி போதும், பொது ரேங்க் பட்டியல் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் உதவும் என்று புரிந்துகொள்ள.

"சரிப்பா, பொது ரேங்க் வேண்டாம், பிளேஸ்மென்ட் ரிப்போர்ட் பார்ப்போம்" என்பீர்கள். பாருங்க. கட்டாயம் பாருங்க. ஆனால் நாலு வருஷம் நம்ம காலேஜ் பிளேஸ்மென்ட் போஸ்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த அனுபவத்தை ஏன் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போகணும்?

ஒரு கற்பனைக் கணக்கு. வகுப்பில் 100 பேர். படிப்பு முடிந்ததும் அனுப்பிய படிவத்தை 70 பேர் நிரப்பினார்கள். அதில் 10 பேர் பிஎச்டி போகிறோம், பழைய கம்பெனிக்கே திரும்புகிறோம் என்று எழுதினார்கள். மிச்சம் 60 பேரில் 54 பேருக்கு வேலை. இணையதளத்தில் என்ன போடுவார்கள்? "வேலை தேடியவர்களில் 90 சதவீதம்". பொய் இல்லை. ஆனால் உறுதியாகத் தெரிந்தது 100-ல் 54 தான். மிச்சம் 30 பேர் ஏன் படிவத்தை நிரப்பவில்லை என்று யோசியுங்கள். நல்ல வேலை கிடைத்தவன் அன்றைக்கே நிரப்பிவிட்டு லிங்க்டுஇன்னிலும் போடுவான். கிடைக்காதவன் அந்த மெயிலைத் திறக்கவே மாட்டான். ரெண்டாம் உலகப்போரில் திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகளை மட்டும் எண்ணாதீர்கள் என்று ஆப்ரகாம் வால்ட் சொன்ன அதே விஷயம்தான். புராபபிலிட்டி வகுப்பில் சிரித்துக்கொண்டே கேட்டோம், நம் வாழ்க்கைக்கு வரும்போது மறந்துவிடுகிறோம்.

சம்பளத்திலும் அப்படியே. 20 பேர் வகுப்பில் 19 பேருக்கு 1,00,000 டாலர், ஒருத்தருக்கு மட்டும் 4,00,000 டாலர் என்றால் சராசரி 1,15,000 என்று வரும். அந்தச் சம்பளம் வாங்குகிற ஆள் அந்த வகுப்பிலேயே கிடையாது. மீடியன் போட்டிருக்கிறார்களா, எத்தனை பேர் பதில் சொன்னார்கள், படிப்பு முடித்த அன்று எடுத்த கணக்கா, ஆறு மாதம் கழித்து எடுத்ததா? இதெல்லாம் வெளிப்படையாகப் போட்டிருக்கும் படிப்பை நான் ரெண்டு படி மேலே வைப்பேன். போடவில்லை என்றால் மெயில் போட்டுக் கேளுங்கள். நான் ஏழு இடங்களுக்கு அனுப்பினேன். மூன்று பேர் முழு விவரம் அனுப்பினார்கள். ரெண்டு பேர் பிரௌஷர் லிங்க்கைத் திருப்பி அனுப்பினார்கள். ரெண்டு பேரிடம் இருந்து பதிலே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஏழு மெயில்களில் கிடைத்த தெளிவு ஒரு வருஷ ஷீட்டில் கிடைக்கவில்லை.

அந்த ரிப்போர்ட்டில் சம்பளத்தை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பதவிப் பெயர்கள். குவான்ட் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன. வங்கியில் டெரிவேடிவ்களுக்கு விலை போடும் மாடல் எழுதுவது ஒன்று. இன்னொருவர் எழுதிய மாடல் சரியா என்று சோதிப்பது ஒன்று. ரிஸ்க் கணக்கிடுவது, வர்த்தக உத்தி ஆராய்வது, நேரடியாக டிரேட் செய்வது, அதற்கெல்லாம் வேகமான மென்பொருள் எழுதுவது என்று நீளும். நம்ம ஹாஸ்டல் கனவில் வருவது உத்தி ஆராய்ச்சியும் டிரேடிங்கும் மட்டும். ஆனால் 2008 நெருக்கடிக்குப் பிறகு உலகமே மாறிவிட்டது. 2011-ல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் மாடல் ரிஸ்க் பற்றி எஸ்ஆர் 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. மாடலை எழுதியவரைச் சாராத ஒரு குழு அதைச் சோதிக்க வேண்டும் என்று வங்கிகள் மேல் ஒரு கடமை வந்து சேர்ந்தது. மாஸ்டர்ஸ் முடித்தவர்களில் நிறையப் பேரை எடுத்துக்கொள்கிற இடம் இன்று அதுதான்.

எங்களுக்கு மூணு வருஷம் சீனியர் அக்கா ஒருவர் இப்போது நியூஜெர்சியில் அந்த வேலைதான் பார்க்கிறார். "வேலை நல்லா இருக்குடா. ஆனா காலேஜ்ல நான் நெனச்சது இது இல்ல. நாள் முழுக்க மத்தவங்க எழுதின டாக்குமென்ட்ல தப்பு கண்டுபிடிக்கிறேன்" என்றார். தப்புக் கண்டுபிடிக்கப் பிடித்தவர்களுக்கு இது அருமையான வேலை. நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம். நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கனவு ஒன்று, கடன் வாங்குவது இன்னொன்றுக்கு என்று ஆகிவிடக் கூடாது என்கிறேன். பெரிய டிரேடிங் நிறுவனங்கள் பல இளங்கலை முடித்தவர்களையே நேராக எடுக்கின்றன. குருகிராமில் இருக்கும் கிரேவிட்டான், க்வாட்ஐ மாதிரி நிறுவனங்கள் ஐஐடி கேம்பஸ்களுக்குப் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆராய்ச்சிப் பக்கம் போனால் பிஎச்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெனசான்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸ் ஒரு கணிதப் பேராசிரியர். அவர் சேர்த்ததும் கணிதம், இயற்பியல், கணினி ஆட்களைத்தான். நம்ம மாஸ்டர்ஸ் இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்றால், அது எவ்வளவு?

விலைக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் கோபப்படுவேன், மன்னிச்சுக்கோங்க.

அமெரிக்கத் தனியார் பல்கலைகளில் பலவற்றில் கட்டணம் மட்டுமே 80,000 டாலரைத் தாண்டுகிறது. நியூயார்க் வாடகை தனி. முழுத் தொகைக்கும் கடன் வாங்க நம்மில் யாருக்கும் வழியில்லை. வீட்டில் இருக்கும் சேமிப்பு, மாமா கொடுத்தது எல்லாம் போட்டும் 60 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி. படிக்கிற காலமும் அதற்குப் பிறகு வேலை தேடுகிற காலமும் சேர்த்து ரெண்டு வருஷம் இஎம்ஐ கிடையாது, ஆனால் வட்டி ஏறும். தனி வட்டியாகப் போட்டாலும் 13 லட்சத்து 20 ஆயிரம். பணத்தைத் தவணையாக எடுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆக 73 லட்சத்து 20 ஆயிரத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 1,00,800 ரூபாய். டாலரில் சம்பளம் வந்தால் சமாளிக்கலாம். ரூபாயில் வந்தால்?

அரசு வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். எங்க வீட்டில் சொத்து என்றால் அம்மா பேரில் இருக்கும் வீடு ஒன்றுதான். பத்திரத்தை எடுத்துக்கொண்டு அப்பா வங்கிக்குப் போன அன்று நானும் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். வெளியே வந்து டீ குடிக்கும்போது அப்பா கேட்டார், "ஏம்ப்பா, வேலை கிடைக்கலைன்னா திரும்பி வந்து இங்க என்ன சம்பளம் வரும்?" ஒரு வருஷ ஷீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு காலம் கூட இல்லை.

எங்களுக்கு விண்ணப்பம் போட உதவிய கன்சல்டன்சி அண்ணன் ஒரு வசனம் வைத்திருந்தார். "தம்பி, இது ஒரு கால் ஆப்ஷன். பிரீமியம் கட்டுறீங்க, மேல போனா அன்லிமிடெட்." கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஆப்ஷன் வாங்குகிறவனுக்கு நஷ்டம் பிரீமியத்தோடு நின்றுவிடும். கடன் வாங்கிக் கட்டிய பிரீமியம் அப்படி நிற்காது, நீ தூங்கும்போதும் வட்டி ஏறும். அடமானத்தில் வீடு வேறு. இதற்குப் பெயர் ஆப்ஷன் இல்லை, கடன் வாங்கிய காசில் எடுத்த ஃபியூச்சர்ஸ். அந்த அண்ணனுக்கு எங்க அட்மிஷனில் கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்குத்தான் உண்மையில் ஆப்ஷன் இருந்தது.

1956-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி எழுதிய சூத்திரத்தை இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற எல்லோரும் தெரிந்துவைத்திருப்பார்கள். ஜெயித்தால் போட்டது இரட்டிப்பு, தோற்றால் போட்டது போச்சு. ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம். எவ்வளவு போடலாம்? கையில் இருப்பதில் 20 சதவீதம். வாய்ப்பு நம் பக்கம் தெளிவாக இருக்கும்போதும் அவ்வளவுதான். இன்டர்வியூவில் இதைப் பளிச்சென்று சொல்கிற நாமே, நம் குடும்பத்தின் 100 சதவீதத்தை ஒரே ஆட்டத்தில் வைக்கிறோம். நோபல் பரிசு வாங்கிய மெர்டனும் ஷோல்ஸும் இருந்த எல்டிசிஎம் நிறுவனம், பரிசு வாங்கிய அடுத்த வருஷமே, 1998-ல் கவிழ்ந்தது. காரணங்களில் பெரியது அளவுக்கு மீறிய கடன். அவர்களுக்கு மாடல் தெரியாமலா போச்சு?

விசாவும் இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். படிப்புக்குப் பிறகு 12 மாதம் வேலை அனுமதி. படிப்பு ஸ்டெம் வகையில் இருந்தால் மேலும் 24 மாதம். எல்லா ஃபைனான்ஸ் மாஸ்டர்ஸும் ஸ்டெம் கிடையாது. படிப்பின் சிஐபி எண்ணைக் கேளுங்கள், 27.0305 என்றால் நிதிக் கணிதம், அது ஸ்டெம். அதன் பிறகு எச்-1பி குலுக்கல். வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு மேலும் 20,000. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அங்கேயே மாணவர் விசாவில் இருந்து மாறுகிறவர்களுக்கு இது இல்லை என்று விளக்கம் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் எங்க வாட்ஸ்அப் குழுவில் யாரும் தூங்கவில்லை.

அப்போ போகவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. என் கருத்து இதுதான். சின்ன வகுப்பு, வெளிப்படையான ரிப்போர்ட், குறைந்த கட்டணம், இந்த மூன்றும் சேர்ந்த இடம் கிடைத்தால் பெயர் தெரியாத கல்லூரியானாலும் போங்கள். பெரிய பெயர், பெரிய வகுப்பு, முழுக் கடன் என்று ஒன்று கிடைத்தால் வேண்டாம். ஸ்காலர்ஷிப்போ, அடகு வைக்கத் தேவையில்லாத குடும்பமோ இருந்தால் அது வேறு கதை. கார்னகி மெலன் 1994-லிருந்தே இந்தப் படிப்பை நடத்துகிறது, நல்ல படிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல படிப்பு என்பதும் எனக்குக் கட்டுப்படியாகிற படிப்பு என்பதும் ரெண்டு வேறு வாக்கியங்கள்.

ஐரோப்பாவை நம்ம பசங்க ஏன் பார்ப்பதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. பாரிஸில் நிக்கோல் எல் கரூயி 1990-ல் தொடங்கிய படிப்பில் இருந்து வந்தவர்கள் உலகம் முழுக்க வங்கிகளில் இருக்கிறார்கள். அரசுப் பல்கலை என்பதால் கட்டணம் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் சொற்பம். பிரெஞ்சு வேண்டும், கணிதம் நிஜமாகவே வேண்டும். ரெண்டு தடை. ரெண்டாவதுதான் பெரியது. சூரிச்சில் ஈடிஎச்சும் சூரிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் மாஸ்டர்ஸ் இருக்கிறது. கட்டணம் கடிக்காது, வாடகை கடிக்கும். இங்கேயே கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறது. நுழைவுத்தேர்வுதான் முட்டுக்கட்டை. அந்தத் தேர்வின் பழைய வினாத்தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து உட்காருங்கள். நான் உட்கார்ந்தேன். பத்துக் கேள்வியில் ரெண்டு போட்டேன். செமஸ்டரில் புராபபிலிட்டிக்கு எனக்கு ஓ கிரேடு.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான ரேங்க் பட்டியல் என்று இப்போது தோன்றுகிறது. கார்னகி மெலனில் பாடம் எடுத்த ஸ்டீவன் ஷ்ரீவ் எழுதிய ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் புத்தகம் ரெண்டு பாகமாக நம்ம லைப்ரரியிலேயே இருக்கிறது. முதல் பாகத்துக்குப் பெரிய முன்னறிவு தேவையில்லை. எம்ஐடி 2013-ல் நடத்திய நிதிக் கணித வகுப்பு முழுக்க இலவசமாக இணையத்தில் கிடக்கிறது. என்பிடெல்லில் ஐஐடி கவுகாத்திக்காரர்களின் பாடம் இருக்கிறது. ஒரு செமஸ்டர் இதில் உட்கார முடியவில்லை என்றால், அங்கே போய் 80,000 டாலர் கட்டியும் உட்கார முடியாது. பிடித்துப்போனால், அதற்குப் பிறகு எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது சுலபமாகிவிடுகிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு பல்கலையில் இடம் கிடைத்தது, பெரிய வகுப்பு. நான் நிஜமாக ஆசைப்பட்ட சின்ன வகுப்பில் வெயிட்லிஸ்ட் போட்டு, கடைசியில் இல்லை என்றார்கள். முதல் இடத்தை விட்டுவிட்டேன். ஜூலையில் சென்னையில் ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் சேரப் போகிறேன். மாலையில் ஷ்ரீவ், ரெண்டு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பம் என்பது திட்டம். திட்டம் நடக்குமா என்று தெரியாது. பயந்துட்டான் என்று சில பேர் சொல்வது காதில் விழுகிறது. கொஞ்சம் உண்மைதான். என் ரூம்மேட் அதே பல்கலைக்குப் போகிறான், அவன் அப்பா கடன் வாங்க வேண்டியதில்லை. அவனிடத்தில் நான் இருந்தால் நானும் போயிருப்பேன். ரெண்டு பேருக்கும் ரேங்க் பட்டியல் ஒன்றுதான், கணக்குதான் வேறு.

மூன்றாம் வருஷப் பசங்களுக்கு ஒரு தகவல். அடுத்த செமஸ்டருக்கான எலெக்டிவ் பட்டியல் இந்த வாரம் வருகிறது. கணிதத் துறை நடத்தும் ஸ்டோகாஸ்டிக் பிராசஸ் அதில் இருக்கும். மார்க் வராது, மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று சொல்வார்கள். ரெண்டுமே உண்மை. போன தடவை பதினோரு பேர்தான் சேர்ந்தோம். இந்தத் தடவை பத்துக்குக் கீழே போனால் அந்தப் பேப்பரையே நடத்த மாட்டார்களாம்.